டோக்கன் கேட்காத வயிறு

என் வீட்டுக்காரரின் அக்காவைப் பற்றி யாராவது "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம், பாவம்! அந்த அம்மாவோடு ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒரே குளியலறைக் கதவுக்கு முன்னால் காத்து நின்று வாழ்கிறவள் நான். பாவம் பார்ப்பதென்றால் என்னைப் பாருங்கள்.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சட்டை தைக்கிற கம்பெனி அது. நான் இரண்டாவது லைனில் காலர் தைக்கிறேன், அண்ணி கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுத் தாளைப் போட்டு, கத்தி மிஷினைப் பிடித்து அத்தனை அடுக்கையும் ஒரே ஓட்டமாக வெட்டுகிற வேலை. கத்தி கொஞ்சம் விலகினால் அடுக்கு முழுவதும் குப்பைக்குப் போகும். அதனால் அந்த மேசையை ஆம்பளைகளிடம்தான் கொடுப்பார்கள். அண்ணிக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், "யாரும் குடுக்கல. நான் போய் நின்னேன். நகருன்னு சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் வரல" என்பார். கட்டினவனை விட்டு வந்த கதையும் அதே நீளம்தான். "குடிச்சிட்டு வந்தான், கதவைச் சாத்திட்டேன்." அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

பல வருஷமாக அவருக்கு வயிற்றுவலி. பெருங்குடல் முழுக்கப் புண். மருந்து, பத்தியம், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர் பெருங்குடலையே எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலதுபக்கம் ஓர் ஓட்டை வழியாக வெளியே கொண்டுவந்து வைத்துத் தைத்துவிட்டார். இனிமேல் மலம் அந்த வழியாகத்தான் வரும். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆயுசு முழுக்க அப்படித்தான்.

மயக்கம் தெளிந்ததும் அண்ணி கேட்டது ஒன்றுதான். "அந்தப் பழைய வலி போச்சா?"

"போயிடுச்சும்மா" என்றார் டாக்டர்.

"அப்ப சரி. பையைப் பாத்து யாரும் அழ வேணாம். அழுறவங்க வெளிய போங்க."

என் வீட்டுக்காரர் மட்டும் வெளியே போனார். அக்கா விஷயத்தில் அவருக்குக் கண்ணில் குழாய் வைத்தது மாதிரி.

வயிற்றின்மேல் சிவப்பாகத் துருத்திக்கொண்டிருந்த அந்தக் குடல் நுனிக்கு அண்ணி 'முதலாளி' என்று பேர் வைத்தார். ஏன் அப்படி என்று கேட்டேன். "பின்ன? நெனச்ச நேரத்துக்கு வேலை வாங்குது. யாரு முன்னாடி இருக்கோம்னு பாக்காம சத்தம் போடுது. லீவும் குடுக்காது" என்றார். உறவுக்காரர்கள் பார்க்க வந்து முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். திடீரென்று அண்ணியின் சட்டைக்குள்ளிருந்து டர்ரென்று ஒரு சத்தம் வரும். எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். அண்ணி மட்டும், "முதலாளி உங்களை விசாரிக்கிறாரு" என்பார். வந்தவர்கள் அதற்கப்புறம் அதிக நேரம் இருந்ததில்லை.

பையை ஒட்டுகிற தட்டில் குடலின் அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். கட்டிங் மாஸ்டர் கையில் கத்தரியைக் கொடுத்தால் என்ன ஆகும்? இம்மியளவும் இடம் விடாமல் கச்சிதமாக வெட்டினார். குடல் நுனி வீங்கி, நெருக்கி, உயிர்போகிற வலி. இப்படிப் பை வைத்திருப்பவர்களைப் பார்ப்பதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா உண்டு. அந்த அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சுத்தி கொஞ்சம் எடம் விடணும். அது வீங்கும், சுருங்கும். ஃபிட்டிங் பாக்குற எடமா இது?" வீட்டுக்கு வந்ததும் அண்ணி, "லூஸா வெட்டணுமாம். என்கிட்ட சொல்றா!" என்று பொழுது சாயும்வரை முனகிக்கொண்டிருந்தார். ஆனால் லூஸாகத்தான் வெட்டினார். அந்த வலி நின்றுபோனது.

உடம்பு தேறி மறுபடி வேலைக்குப் போனார். மேசைக்கு முன்னால் நின்றதும் அவர் முகத்தில் வந்த களையைப் பார்க்க வேண்டுமே! எனக்கே பொறாமையாக இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் வேறொரு வலி வந்தது. காலை வேலை சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து வரும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி உள்ளே முறுக்கும். அண்ணி கத்தியை நிறுத்திவிட்டு, உள்ளங்கையை வயிற்றில் வைத்து அழுத்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். விட்டதும் மறுபடி கத்தி ஓடும். யாராவது கேட்டால், "துணி மடிப்பைப் பாக்குறேன்" என்பார். என்னிடமும் அதே பொய்தான்.

பக்கத்து மிஷின் பெண் ஒருநாள், "உங்க வீட்டுச் சாப்பாடு தினமும் அமர்க்களம்கா" என்று சொன்னபோதுதான் எனக்கு உண்மை தெரிந்தது. நான் கட்டிக்கொடுக்கிற டப்பா தினமும் அவளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்று வீட்டில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"காலங்காத்தால எந்திரிச்சு நான் சமைக்கிறது ஊருக்குத் தானம் பண்ணவா?"

"நாலு பேரு உன் சமையலைப் புகழ்ந்தா உனக்குத்தான பெருமை?"

"பேச்சை மாத்தாதீங்க அண்ணி. ஏன் சாப்பிடுறதில்ல? தண்ணிகூடக் குடிக்கிறதில்ல, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"உள்ள போனாத்தான வெளிய வரும்? போகலைன்னா வராது. கணக்கு சரியா இருக்குல்ல?"

"கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆளுதான் செத்துப்போயிடுவீங்க."

"அதுக்கும் டோக்கன் வாங்கிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றை வாரி வாரிப் போட்டு விழுங்கினார். பகல் பட்டினிக்கெல்லாம் சேர்த்து ஒரே வேளையில் சாப்பாடு. மெல்லுகிற பேச்சே இல்லை.

டோக்கனைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கோபம் உங்களுக்குப் புரியாது. எங்கள் கம்பெனியில் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் டோக்கன் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். டோக்கன் என்பது ஒரு மரத்துண்டு. சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஒருத்தி எடுத்துப் போனால், அவள் வந்து மாட்டின பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். எங்கள் லைனுக்கும் கட்டிங் மேசைக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பேர் விசில். போனவள் வரக் கொஞ்சம் தாமதமானால் கழிவறை வாசலுக்கே வந்து நின்று ஊதுவான், கடன்காரன். அதனால் நாங்கள் எல்லோரும் அடக்கப் பழகிக்கொண்டோம். தண்ணீர் குடிக்காமல் வருவோம். காலை இறுக்கிக்கொண்டு தைப்போம். எங்கள் லைனில் நீர்க்கடுப்பு வராத பெண் கிடையாது. முதுகுவலி மாதிரி அதுவும் இந்த வேலையோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணியால் அப்படி அடக்க முடியாது. குடல் நுனியில் அடக்குகிற தசை கிடையாது. அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். பை நிறைய நிறைய, போய்க் கொட்டிவிட்டு, துடைத்து, மூடி, கையைக் கழுவிவிட்டு வர வேண்டும். அதையெல்லாம் விசில் சத்தத்துக்குள் முடிக்க முடியுமா? ஊரையே எதிர்க்கிற மனுஷி, இந்த ஓர் இடத்தில் மட்டும் யாரிடமும் கேட்க மனமில்லாமல் வாயைக் கட்டிக்கொண்டார். கேட்டால் மேசை போய்விடும் என்று பயம். அவர் பயந்து நான் பார்த்தது அது ஒன்றுக்குத்தான்.

ஒருநாள் கத்தி மிஷின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி மிஷினை அணைத்து, மேசையில் பத்திரமாக வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் பக்கவாட்டில் சரிந்தார். நான் ஓடிப் போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். உதடு வறண்டு வெடித்திருந்தது. "முறுக்குதுடி" என்றார். என்னை 'டி' போட்டு அவர் பேசியதே இல்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் பார்த்துவிட்டுக் குடலில் அடைப்பில்லை என்றார். அதற்கப்புறம் அதே நர்ஸம்மா வந்து, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அண்ணி மழுப்பப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன்.

"சாப்பிடலைன்னா அது சும்மா கெடக்கும்னு யாரு சொன்னது?" என்று நர்ஸம்மா பிடித்துக்கொண்டார். "வெறும் குடல்ல காத்துதான் சேரும். முறுக்காம என்ன செய்யும்? பெருங்குடல் இல்லாத உடம்புல தண்ணியும் உப்பும் தங்காது, குடிச்சுக்கிட்டே இருக்கணும். நாள் பூரா பட்டினி கெடந்துட்டு மொத்தமா மெல்லாம முழுங்கினா ஒருநாள் அடைச்சுக்கும். கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்கு, நல்லா மென்னு சாப்பிடுங்க. பை மூணுல ஒரு பங்கு நெறஞ்சதுமே போயிக் காலி பண்ணுங்க. வலி வந்து, பையில ஒண்ணுமே விழாம, வாந்தியும் எடுத்தா மட்டும் வீட்டுல ஒரு நிமிஷம் உக்காராதீங்க, ஓடி வந்துடுங்க."

"அப்ப என் வயித்துல கோளாறு இல்ல?"

"உங்க வயிறு ஒழுங்காத்தான் வேலை செய்யுது. நீங்கதான் அதைப் பட்டினி போட்டுட்டீங்க."

"நான் போடலம்மா" என்றார் அண்ணி. சாதாரணமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். "வேலையை விட்டுடுக்கா. நான் இருக்கேன்ல."

"நீ இருக்கடா, இல்லன்னு யாரு சொன்னா? நான் எங்க இருப்பேன்? உன் வீட்டு நாற்காலியிலயா?"

இதற்கிடையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மாஸ்டர் திரும்பி வந்தால் பிசிறு வெட்டுகிற இடத்துக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். தைத்து முடித்த சட்டையில் தொங்குகிற நூலை உட்கார்ந்தபடி கத்தரிக்கிற வேலை. கண் மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள் எல்லாம் கடைசியாகப் போகிற இடம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி மிஷினுக்கு வந்ததில்லை. இதை அண்ணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாளைக்கு எனக்குச் சோறு கொஞ்சம் கொழைய வடிச்சுக் கட்டு. ரெண்டு டப்பா" என்றார்.

மறுநாள் அண்ணி நேராகக் கட்டிங் மேசைக்குப் போனார். வெட்டினார். கொஞ்ச நேரம் கழித்துச் சன்னலோரம் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து முதல் டப்பாவைத் திறந்தார். சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவே இல்லை. விசில் அலறிக்கொண்டு வந்தான்.

"மாஸ்டர், என்ன பண்றீங்க?"

"மென்னுக்கிட்டு இருக்கேன். தெரியல?"

தண்ணீரும் குடித்தார். போக வேண்டிய நேரம் வந்ததும் டோக்கனை எடுத்தார். போய்விட்டு வந்தவர் அதை ஆணியில் மாட்டவில்லை. ஒரு துணிக் கீற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெட்ட ஆரம்பித்துவிட்டார். அடுத்த தடவையும் அதோடேயே போய்வந்தார். எங்கள் லைனில் ஒருத்தியும் எழுந்திருக்க முடியவில்லை. பொத்தான் தைக்கிறவள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தாள்.

"உன் நாத்தனாருக்கு மட்டும்தான் வயிறு இருக்கா? எங்களுக்கெல்லாம் இல்லையா?"

அவள் சொன்னதில் என்ன தப்பு? எனக்கே அடிவயிறு வெடித்துக்கொண்டிருந்தது. அண்ணிமேல் வந்த கோபத்தில் காலரைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். நான் போய் நாத்தனாருக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம். நல்ல ஆளைப் பார்த்தார்!

"மாஸ்டர், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் மேனேஜர். கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் மற்றவர் நல்லதுக்கே செய்கிறவர், அவ்வளவுதான். "கத்தி முன்னாடி மயங்கி விழுந்தா யாரு பொறுப்பு? பிசிறுல உக்காந்து நிம்மதியா வேலை பாருங்க. ஓட்டை போட்ட வயித்தோட இவ்வளவு நேரம் நிக்கலாமா?"

"ஓட்டை வயித்துல இருக்கு சார். கையில இல்ல."

"அது சரி, ஆனா..."

"பட்டினி கெடந்து மயங்கினேன். அப்பவும் கத்தியை நிறுத்திட்டுத்தான் விழுந்தேன். சாப்பிட்டா மயங்க மாட்டேன். சாப்பிட்டா போகணும். போயிட்டு வந்தா வெட்டுவேன். இதுல எது சார் புரியல?"

அந்த நேரம் பார்த்து அண்ணியின் சட்டைக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. மேனேஜர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். "எங்க முதலாளியும் அதைத்தான் கேக்குறாரு" என்றார் அண்ணி. நான் சிரிப்பை அடக்கின அடக்கில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "சரி. மேசையில விரிச்சிருக்கிற அடுக்கு இன்னிக்குள்ள முடியணும். முடிஞ்சா பேசுவோம். முடியலைன்னா நாளைக்கு நீங்க பிசிறுல உக்காரணும். வாதாடக்கூடாது."

"முடியும்" என்றார் அண்ணி.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "உங்க சண்டை உங்களோட. டோக்கனை எதுக்குப் புடிச்சு வச்சுக்கிட்டீங்க? பொத்தான்காரி கேட்டா பாருங்க, எங்களுக்கு வயிறு இல்லையான்னு."

அண்ணி நின்றார். "அவளா கேட்டா?"

"ஆமா."

"நல்லாத்தான் கேட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு, நேராகப் போய்க் கழுத்திலிருந்து டோக்கனைக் கழற்றிப் பொத்தான்காரி கையிலேயே கொடுத்தார். "போயிட்டு வா" என்றார். அவள் எழுந்து ஓடினாள்.

முடிவுக்காகத் தவிக்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுக்கு அன்றைக்கே முடிந்தது, ஒரு துண்டும் வீணாகவில்லை. இன்றைக்கும் அந்த மேசையில் அண்ணிதான் வெட்டுகிறார். வலி அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் வரும். வந்தால் மிஷினை அணைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லக் குடித்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்திருப்பார். "துணி மடிப்பு" என்கிற பொய்யெல்லாம் இப்போது இல்லை. "வலிக்குது, கொஞ்சம் இருங்க" என்பார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நான் சொல்ல வந்தது அந்த அடுக்கு பாதி வெட்டியிருந்தபோது நடந்ததை.

கத்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் தைத்துக்கொண்டே அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு முறுக்கு வந்தது. அணைத்தார், குனிந்தார், மூச்சை விட்டு விட்டு இழுத்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி வெட்டினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் சட்டைமேல் கையை வைத்துத் தொட்டுப் பார்ப்பது தெரிந்தது. பை நிறைகிறது. ஆணியைப் பார்த்தார். வெறும் ஆணி. டோக்கன் வேறொருத்தியோடு போயிருந்தது, அவள் இன்னும் வரவில்லை. இங்கே அடுக்கு பாதியில் நிற்கிறது. நின்றால் பை வழியும். போனால் விதி மீறினார் என்று சொல்லி மேசையைப் பிடுங்குவார்கள்.

அண்ணி மிஷினை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். நடந்தார்.

விசில் ஊதினான். ஊதிக்கொண்டே குறுக்கே வந்து நின்றான். "டோக்கன் எங்க மாஸ்டர்?"

"டோக்கன் இன்னொருத்திகிட்ட இருக்கு. என் வயிறு என்கிட்ட இருக்கு. தள்ளு."

அவன் தள்ளி நின்றான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அண்ணி கதவைத் தாண்டிப் போய்விட்டார். லைன் முழுக்க மிஷின் சத்தம் அடங்கிவிட்டது. விசில் எங்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? தைங்க, தைங்க!" என்று கத்தினான்.

எனக்கு அன்று காலையிலிருந்தே முட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டுமா? இந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்தே. தண்ணீர் குடிக்காமல் காய்ந்த வாயும், எரிச்சலும், காலை இறுக்கிக்கொண்டு தைத்த காலர்களும் எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்கு ஏறின. கோபம் என்றால் அப்படியொரு கோபம். அண்ணிக்காக எழுந்தேன் என்று இப்போது பெருமையடிக்கலாம்தான். எனக்காகத்தான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, நான் எடுக்கவில்லை. விசில் ஊதினதும் காதில் விழுந்தது, திரும்பவில்லை.

கழிவறையில் இரண்டு கதவு. ஒன்று எப்போதும் பூட்டிக் கிடக்கும். மற்றதற்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. டோக்கன் வைத்திருந்தவள் வெளிக்குழாயில் கை கழுவி முடித்துவிட்டு என்னை வினோதமாகப் பார்த்துக்கொண்டு போனாள். நான் கதவைத் தட்டினேன்.

"யாரது?" என்றார் அண்ணி உள்ளிருந்து.

"நான்தான் அண்ணி."

"டோக்கன்?"

"எடுக்கல."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்புறம், "உன் பின்னாடி யாரோ பேசுற சத்தம் கேக்குதே?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பொத்தான்காரி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சட்டைக் கை தைக்கிறவள், பட்டி தைக்கிறவள், பக்கத்து மிஷின் பெண், இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். யார் கையிலும் ஒன்றுமில்லை.

"பாதி லைன் நிக்குது அண்ணி" என்றேன்.

"நிக்கட்டும்" என்றார் அண்ணி. "யாரும் கதவைத் தட்டாதீங்க. நான் நிதானமாத்தான் வருவேன்."